அக்கா மீட்டெடுத்த சைக்கிள்

மாத்திரை கொடுக்கிற ஜன்னலில் யாராவது எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போனால் அக்காவுக்கு அன்றைக்கு வேலையே ஓடாது. குடை, தூக்குவாளி, மூக்குக்கண்ணாடி, ஒரு தடவை பல்செட்டு. நாங்களாக இருந்தால் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுவைத்து, கேட்டு வந்தால் கொடுப்போம். அக்கா பதிவேட்டைப் புரட்டி ஊரைக் கண்டுபிடிப்பார். சாயங்காலம் அந்த ஊர் பஸ்ஸில் ஏறிவிடுவார்.

"உரியவுக கையில சேத்துறணும்த்தா. அதுவரைக்கும் எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ உறுத்திக்கிட்டே இருக்கும்" என்பார்.

கடமலைக்குண்டு பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் நான் நர்ஸாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அக்கா அங்கே மருந்தாளுநர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். கல்யாணம் ஆகவில்லை. வீரபாண்டியிலிருந்து தேனிக்கு வந்து, தேனியில் பஸ் மாறி வருவார். நானும் தேனியிலிருந்துதான் போய்வந்தேன். அதனால் வேலை பார்த்த நேரத்தைவிடப் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் அக்காவை நான் அதிகம் தெரிந்துகொண்டேன்.

ஒருநாள் அந்தப் பஸ் சீட்டில் ஓர் எக்ஸ்ரே உறை கிடந்தது. வெளியே பெயரும் வடுகபட்டி என்று ஊரும் எழுதியிருந்தது. பெரியகுளம் பக்கம், எங்களுக்கு எதிர்த் திசை. கண்டக்டரிடம் கொடுத்துவிடலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பூண்டு மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்த தெருவில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தால் வாசலில் பந்தல். அந்த மனிதர் இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"வாங்கக்கா, போயிருவோம். இனிமே இத வச்சு அவுக என்ன செய்யப் போறாக?" என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

அக்கா நேராக உள்ளே போனார். மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் மடியில் உறையை வைத்து, "உங்க வீட்டுக்காரரோடது. பஸ்ஸுல விட்டுட்டாக" என்றார். அந்த அம்மா படத்தை வெளியே எடுத்து வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். விலா எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் அதை மார்போடு சேர்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். இரண்டு நாளாக அவர் அழவே இல்லை என்று பக்கத்தில் இருந்த பெண்கள் சொன்னார்கள். சாயங்காலம் வரைக்கும் அக்கா அங்கேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மருந்து வாங்க வரும் வயசாளிகள் அத்தனை பேரும் அக்காவுக்கு அப்பாதான். "அப்பா, இந்த வெள்ள மாத்திர சாப்புட்டுட்டுப் போடணும். மறந்துருவீகளா? இந்தா, சூரியன் போட்டுத் தாரேன்" என்று உறையின் மேல் பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பார். படிக்கத் தெரியாத கிழவர்கள் அந்த உறையை மடியில் முடிந்துகொண்டு, "எம்மக குடுத்த மாத்திர" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

அந்த அக்கா தன் சொந்த வீட்டுக்குள் அப்பா என்ற சொல்லை எடுப்பதே இல்லை என்று எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. வீரபாண்டித் திருவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். ஆற்றங்கரைப் பக்கம் ஓட்டு வீடு. அம்மா இல்லாத வீடு என்று முன்பே சொல்லியிருந்தார். மத்தியானம் வயலிலிருந்து அவருடைய அப்பா வந்தார். நெட்டையான மனிதர். கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அக்கா இலையைப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்து, "சோறு இருக்கு" என்றார்.

அவர் வாசல் தென்னைமரத்தைப் பார்த்து, "வந்த புள்ள சாப்புட்டுச்சா?" என்றார்.

"சாப்புட்டாச்சு."

"நாளைக்கு உரம் வாங்கப் போகணும்."

"பையி ஆணியில தொங்குது."

அவ்வளவுதான். நீங்க இல்லை, அப்பா இல்லை, யாரிடம் என்று இல்லாத வெறும் வார்த்தைகள். சாப்பாட்டில் ஒரு குறை கிடையாது. கீரை, மோர், வறுத்த மொச்சை. அவருடைய வேட்டி வெள்ளை வெளேரென்று துவைத்து மடித்து வைத்திருந்தது. பேச்சு மட்டும் இல்லை.

மறுநாள் பஸ்ஸில் கேட்டேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவரைவிட எட்டு வயது இளையவனாக ஒரு தம்பி. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அக்காதான் அவனை வளர்த்தார். அவனுக்குச் சைக்கிள் பைத்தியம். அக்கா வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவனுக்கு ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். லோயர் கேம்ப் குவார்ட்டர்ஸில் இருந்த ஓர் என்ஜினியர் குடும்பம் மாற்றலாகிப் போகும்போது விற்றது. நீல நிறம். விரல் தடிமனில் டயர். ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார். தம்பி அதை அங்கிருந்தே ஓட்டிக்கொண்டு கிளம்ப, அக்கா பின்னால் பஸ்ஸில் வந்தார்.

"கூடலூரு தாண்டி, ரெண்டு பக்கமும் திராட்சப் பந்தல். அதுக்கு நடுவுல குனிஞ்ச தல நிமிராம போறான். டிரைவர் ஆரன் அடிக்கிறாரு, அடிக்கிறாரு, அவன் முந்த விட்டாத்தான! பஸ்ஸுல எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாக்குறாக. எந்தம்பி, எந்தம்பின்னு கத்துனேன்த்தா, வெக்கமில்லாம."

இதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் முகம் வேறு யாருடைய முகமோ போல இருந்தது.

தம்பி இரண்டு மூன்று போட்டிகளில் கோப்பை வாங்கினான். கல்லூரிப் பரீட்சையில் கோட்டை விட்டான். அப்பா தினமும் கத்துவார். "இந்தச் சனியன ஒருநா ஆத்துல தூக்கிப் போடுறேனா இல்லையா பாரு" என்பது வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் அக்கா வேலை முடிந்து வந்தபோது சைக்கிள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. தம்பி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "அப்பா ஆத்துல போட்டுட்டாகக்கா" என்றான். முல்லையாற்றில் கரை முட்டத் தண்ணீர் போய்க்கொண்டிருந்த சமயம்.

அப்பாவிடம் கேட்டார். "நான் தொடல" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார் அவர். ஒரு வாரத்தில் தம்பி வீட்டைவிட்டுப் போய்விட்டான். பத்தொன்பது வயது. கடிதம் இல்லை, தகவல் இல்லை.

"என் காசுல வாங்குனது. அவனோட பொருளு. அத எடுத்து ஆத்துல போட அவுகளுக்கு என்ன உரிம? போட்டுட்டுப் போடலைனு வேற சொல்றாக. அன்னைக்கு விட்டதுதான் பேச்சு" என்றார் அக்கா.

எனக்கும் அந்த அப்பா மேல் அன்றைக்கே வெறுப்பு வந்துவிட்டது. தென்னைமரத்தைப் பார்த்துப் பேசிய அந்த மனிதரை அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் பிள்ளையைத் துரத்தியவர் என்றுதான் பார்த்தேன். அக்காவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று ஊரில் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். ஒரு மாப்பிள்ளை பார்த்து முடிக்க அப்பாவும் மகளும் ஒருவரோடு ஒருவர் எத்தனை வார்த்தை பேச வேண்டியிருக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த வீட்டில் அப்படிப் பதினேழு வருடம் போனது. நான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றலாகிவிட்டேன். அங்கே என் வார்டுக்கே அக்காவின் அப்பா வந்து சேர்ந்தார். நுரையீரல். ஒன்பது நாள் இருந்தார். அக்கா லீவு போட்டுவிட்டுக் கூடவே கிடந்தார். துடைத்துவிட்டார், முதுகைத் தாங்கிப் பிடித்தார், கஞ்சியை ஆற்றி ஸ்பூனால் கொடுத்தார். "கஞ்சி இருக்கு." "மருந்து இருக்கு." வாயைத் திறந்து காட்டும் குழந்தை மாதிரி அவர் வாயைத் திறப்பார்.

ஏழாம் நாள் அக்கா ஏதோ வாங்க வெளியே போயிருந்தபோது அவர் என் கையைப் பிடித்தார். "ஆத்தா, எம்மககிட்டச் சொல்லு. அந்தச் சைக்கிள நான் தொடலத்தா" என்றார். "சரிப்பா, சொல்றேன்" என்றேன். எல்லா நோயாளிகளிடமும் சொல்லும் அதே சரிப்பா.

அக்காவிடம் சொன்னேன். பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டே, "கடைசி வரைக்கும் ஒத்துக்கிட மாட்டேங்கிறாக, பாரு" என்றார். நான் தலையாட்டினேன். அதற்கு மறுநாளுக்கு மறுநாள் அப்பா போய்விட்டார்.

வருடங்கள் போயின. அக்கா ஓய்வு பெற்ற மறுவருடம், எங்களோடு வேலை பார்த்த ஒருவர் மகளுக்குக் கூடலூரில் கல்யாணம். இருவரும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, மடியில் பரிசுப் பொட்டலத்தோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். கம்பத்தைத் தாண்டியதும் ஒரு பழைய இரும்புக் கடை. அக்கா சட்டென்று எழுந்து, "எறக்கி விடுங்க! எறக்கி விடுங்க!" என்று கத்தினார். கண்டக்டர் பயந்துபோய் விசில் அடித்தார்.

வெயிலில் பின்னாலேயே ஓடினேன். கடையின் முன்னால் பம்புசெட் மோட்டார்களும் பீரோக் கதவுகளும் குவிந்து கிடந்தன. அவற்றின் அடியிலிருந்து கீழ்நோக்கி வளைந்த ஒரு கொம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா அந்தக் குவியல் மேல் ஏறினார்.

கடைக்காரர் ஓடிவந்தார். "யம்மா, கையக் கிழிச்சிரும், எறங்குங்க. அது ஒண்ணுத்துக்கும் ஆகாது. எடைக்குப் போடத்தான் கெடக்கு."

பின்சக்கரம் இல்லை. முன்சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. சீட்டு இருந்த இடத்தில் ஒரு துருப்பிடித்த குழாய். யாரோ ஏதோ ஒரு காலத்தில் அதற்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அக்கா தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி அந்தக் கறுப்பைச் சுரண்டினார். சுரண்டிய இடத்தில் நீலம் தெரிந்தது.

"பாத்தியா?" என்றார். "ஆத்துல போட்டது எங்கனயோ கரையேறி, யார் யாரு கையிலயோ போயி, இங்கன வந்து கெடக்கு பாத்தியா?"

நீலம் எல்லோரும் அடிக்கிற நிறம்தானே என்று எனக்குத் தோன்றியது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாரால் சொல்ல முடியும்? கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. ஒரு லோடு ஆட்டோவில் அந்தத் துருக்கூட்டை ஏற்றி, பின்னாலேயே நாங்களும் ஏறி உட்கார்ந்து வீரபாண்டி வந்து சேர்ந்தோம்.

அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தில் கோணிச்சாக்கை விரித்து அதைக் கிடத்தினார். அன்றிலிருந்து ஏழெட்டு மாதம் அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. மண்ணெண்ணெய்யும் கிரீஸும் மணக்கும் வீடாகிவிட்டது. தேனியிலிருந்து ஒரு மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். முப்பது வயதுக்காரர், கியர் சைக்கிள்கள் பழுது பார்ப்பவர். முதல் நாளே சீட்டுக் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, "இது உள்ளுக்குள்ளயே இறுகிப் போச்சும்மா. அறுத்துத்தான் எடுக்கணும்" என்றார்.

"அறுக்க வேணாம். ஊறட்டும்" என்றார் அக்கா. மருந்துச் சொட்டு விடுகிற குப்பியில் எண்ணெய் எடுத்து, காலையில் மூன்று சொட்டு, மாலையில் மூன்று சொட்டு என்று ஒரு மாதத்துக்கு மேல் விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஸ்பானரைப் போட்டு முறுக்க, குழாய் கிறீச்சென்று கத்திக்கொண்டு அசைந்தது. அக்காவும் கத்திவிட்டார். மெக்கானிக்குக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்றைக்கு மூன்று பேருக்கும் பாயசம்.

துருவையும் கறுப்பையும் அவரே உப்புத்தாளால் தேய்த்தார். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து போனது. கறுப்பு முழுக்கப் போனதும் மெக்கானிக் சொன்னார். "யம்மா, அடியில இருக்கது ஆகாச நீலம். நீங்க மயில்கழுத்து நீலம்னுல்ல சொன்னீக?"

அக்கா அந்த நீலத்தை விரலால் தடவினார். "வெயில்லயும் தண்ணியிலயும் கெடந்து வெளுத்திருக்கும்" என்றார். மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் டீ போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். கறுப்புக்கு அடியில் இருந்த பெயிண்ட் எப்படி வெயிலில் வெளுக்கும்? இதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மயில்கழுத்து நீலமே அடித்தார்கள்.

ஹேண்டில்பாருக்குத் துணிப்பட்டி சுற்றும் வேலை எனக்கு. மெக்கானிக் சுற்றியது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "நீ கட்டுப் போடுறவதான, நீ சுத்து" என்றார். ஒடிந்த கைக்குச் சுற்றுவது போல பாதிக்குப் பாதி ஏற்றி ஏற்றிச் சுற்றினேன். அவ்வளவு நன்றாக வந்தது.

டயர்தான் கிடைக்கவில்லை. அந்த அளவில் இப்போது வருவதில்லையாம். என் வீட்டுக்காரர் சைக்கிளைப் போட்டோ எடுத்து, அந்தக் காலத்தில் ரேஸ் ஓட்டியவர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். மதுரைக்காரர் ஒருவர் கோயம்புத்தூரில் டயர் கிடைக்கும் இடத்தைச் சொன்னார். கூடவே, சைக்கிள் யாருடையது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தம்பியின் பெயரைச் சொன்னதும் அவரே போனில் கூப்பிட்டார். "அவனா? தொடுபுழாவுல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கான்ல! போன மாசங்கூடப் பேசுனேன்."

முப்பத்து நாலு வருடம். இரண்டு மலை தாண்டி, கேரளாவில், ஐந்து மணி நேர பஸ் தூரத்தில் இருந்திருக்கிறான்.

அக்கா நம்பரை ஒரு மாத்திரை உறையில் எழுதி வைத்துக்கொண்டு மூன்று நாள் கூப்பிடவில்லை. "டயர் வரட்டும். வண்டி ரெடியாகட்டும்" என்றார். டயர் வந்து மாட்டி, சக்கரம் இரண்டும் சத்தமில்லாமல் சுற்றிய அன்றைக்கு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"ஏலே... நாந்தாண்டா" என்றார். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் உடைந்து அழுவது எனக்கே கேட்டது. "அழாத. சாப்புட்டியா? இப்ப சாப்புட்டியா நீ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார் அக்கா. வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை அவருக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார். தொப்பை, டை அடித்த மீசை, கசவு வேட்டி. மலையாளம் கலந்த தமிழ். அங்கேயே ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டி, இரண்டு பெண்கள். அப்பா செத்த செய்தி தெரியும், வர முகமில்லை என்றார். வாசலிலேயே அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா அவரைத் தூக்கி நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, நேராகச் சாப்பிட உட்கார வைத்துவிட்டார். நல்ல மனிதர்தான். அரைமணி நேரத்தில் என்னிடம்கூடச் சகஜமாகிவிட்டார். வீடு முழுக்க அவர் சிரிப்புச் சத்தம். அந்த வீட்டு ஆண் ஒருவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சைக்கிள் மேல் அக்கா ஒரு போர்வையைப் போட்டு மூடி வைத்திருந்தார். தம்பி பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போதே அக்கா பொறுக்கமாட்டாமல் போய்ப் போர்வையை இழுத்தார்.

"அடேயப்பா!" என்றார் அவர். "என்னா அழகு! நம்ம வண்டி மாதிரியே இருக்கேக்கா!"

"மாதிரி என்னடா மாதிரி? நம்ம வண்டிதான்."

"அதெப்பிடிக்கா?" அவர் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். "நம்ம வண்டிய நான்தான் மதுரையில ஒரு பையன்ட்ட வித்துட்டேனே. பின்ன, கையில காசில்லாம எப்பிடி வீட்ட விட்டுப் போறது?"

அக்கா கையில் ரசக் கரண்டியோடு நின்றார்.

"அப்பா ஆத்துல போட்டாகன்னு சொன்ன."

"ஆமா, சொன்னேன். வித்தேன்னு சொன்னா நீ தாங்குவியா? ஆசையா வாங்கிக் குடுத்தது. அப்பாதான் எந்நேரமும் ஆத்துல போடுவேன் போடுவேன்னு கத்திக்கிட்டே இருப்பாரே, அவரு மேல போட்டுட்டேன்." மறுபடியும் சிரித்தார். "அவரு நாலு கத்து கத்தியிருப்பாரு, மறுநா மறந்திருப்பாரு. இல்லக்கா?"

ஏதோ சொல்ல எழுந்தேன். அக்கா என்னைக் கடந்து போகிற மாதிரி வந்து, என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து அழுத்தினார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆமாடா" என்றார் அக்கா. "மறந்துட்டாக. கொஞ்சம் ரசம் ஊத்தவா?"

"மதிக்கா, மதி" என்று அவர் இலைக்கு மேல் கையை விரித்தார்.

சாப்பிட்டு முடித்து அவர் சைக்கிளை எடுத்துத் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தொப்பை இடிக்க, குனிந்து. அக்கா வாசலில் நின்று பார்த்தார். "நான் எடுத்துட்டுப் போகட்டாக்கா?" என்று கேட்டபோது, "இல்லடா. வேற யாரோடதோ, எடுத்துட்டு வந்துட்டேன். கேட்டு வந்தாக் குடுக்கணும்" என்றார். அவர் அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

தம்பியைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அக்கா என்னிடம் சொன்னது ஒன்றுதான். "அவனுக்குச் சொல்லிராத. அவுகளோட நான் பேசாம இருந்தது அவனுக்குத் தெரிய வேணாம். அவனும் தூக்கிச் சொமக்கணுமா?"

அதற்குப் பிறகு அக்கா ஒன்றரை வருடம் இருந்தார். கம்பத்துக்குப் போய் இரும்புக் கடைக்காரரிடம் அந்தச் சைக்கிள் யார் வீட்டிலிருந்து வந்தது என்று விசாரித்துப் பார்த்தார். லோடோடு லோடாக வந்தது, தெரியாது என்று சொல்லிவிட்டாராம். இரண்டு தடவை நான் வீட்டுக்குப் போனபோது அக்கா முன்னறையில் தனியாக உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். ஒரு தடவை மட்டும் காதில் விழுந்தது. "அப்பா, சாப்புட வாங்க." சொல்லிவிட்டு, சரியாக வரவில்லை என்பது போலத் தலையை ஆட்டி, இன்னொரு தடவை சொன்னார். "அப்பா... சாப்புட வாங்கப்பா."

போன ஆடியில் இதயம் நின்று போனார். தொடுபுழாவிலிருந்து தம்பி குடும்பத்தோடு வந்து எல்லாம் செய்தார். போகும்போது சைக்கிளை ஜீப்பின் மேல் கட்டினார். "எங்கக்கா எனக்காகப் பண்ணுன வண்டி" என்று தன் பெண்களிடம் சொல்லி அழுதார். கயிற்றின் ஒரு முனையை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லாதே என்று அக்கா சொல்லியிருந்தார்.

அக்காவைக் கடைசியாக நான் பார்த்தது அவர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்னால், தேனி பஸ் நிலையத்தில். நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். எப்போது சந்தித்தாலும் கேட்பதை அன்றைக்கும் கேட்டார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில அப்பா என்ன சொன்னாக? திருப்பிச் சொல்லு."

"எம்மககிட்டச் சொல்லு, அந்தச் சைக்கிள நான் தொடலன்னு சொன்னாகக்கா."

"கோவமாவா சொன்னாக?"

"இல்லக்கா. மெதுவா."

"கையப் புடிச்சா?"

"ஆமாக்கா. எங்கையப் புடிச்சுக்கிட்டு."

"அதுக்கப்புறம்?"

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் "அவ்வளவுதாங்க்கா" என்றுதான் சொல்லிவந்தேன். அன்றைக்கு முடியவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"அதுக்கப்புறமும் ஏதோ சொன்னாகக்கா. வாய் அசைஞ்சுச்சு. நான் நின்னு கேக்கல. பொய்தான சொல்லப் போறாகன்னு கைய உருவிக்கிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டேன்."

சொல்லிவிட்டு அழுதேன். அக்கா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போடிநாயக்கனூர் பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அப்புறம் அக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அழாதத்தா" என்றார். "நீ பாதியாச்சும் கேட்டிருக்க."